மறுபாதி

"கெபியம்மா, இதை எங்க எறியட்டும்? நீங்க காட்டுற இடத்துல எறியுதேன்."

எஸ்தாக்கி செபமாலையை நீட்டினார். கறுப்பு மணிகள். சிலுவை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

கெபியம்மா படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயசு இருந்தால் அதிகம். ஒரு காலத்தில் மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவள். இப்போது கடலோரப் பனங்காட்டுக்குள், மாதா சுரூபம் வைத்துக் குகை மாதிரிக் கட்டின ஒரு கல் கெபிக்குப் பக்கத்தில் தனியாகக் குடியிருக்கிறாள்.

எஸ்தாக்கிக்கு அறுபத்து மூன்று. மகள் வயசுக்காரியிடம் போய்ப் புத்தி கேட்பதா என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களுக்கெல்லாம் வீட்டில் ஆள் இருந்தது.

"யாரோட மாலை?" என்றாள்.

"என் பெண்டாட்டியோடது. பிரகாசி."

"ஏன் எறியணும்?"

"கேட்க ஆளில்லாத இடத்துல எதுக்கும்மா செபம்?"

"உட்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

ஐப்பசிப் புயலில் மகன்கள் இரண்டு பேரும் வள்ளத்தோடு போனார்கள். தொம்மை மூத்தவன், ரபேல் இளையவன். உடல்கூட ஒதுங்கவில்லை. அவர்களுக்கு முப்பதாம் நாள் பூசை கண்டு வீட்டுக்கு வந்த பிரகாசி, தலை வலிக்குது என்று படுத்தாள். படுத்தவள்தான். ஒன்றரை மாதத்துக்குள் நாலு பேர் இருந்த வீட்டில் ஒருத்தர் மிச்சம்.

"முப்பத்தெட்டு வருஷம், அம்மா. மீன் பட்டாலும் படாட்டாலும் சாயங்காலமானா செபமாலை. ஒவ்வொரு மணிக்கும் மந்திரத்துல முதல் பாதி நான் சொல்லுவேன். அவளும் பிள்ளைகளும் மறுபாதி சொல்லுவாங்க. ஒருநாள் தவறினதில்ல. அதுக்கு இதுதானா?"

கெபியம்மா கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

ஆறுதல் வார்த்தை ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். சொல்லியிருந்தால் மாலையை அவள் மடியிலேயே எறிந்துவிட்டுப் போயிருப்பார். அந்த அளவுக்கு வெறுத்துப்போயிருந்தார் மனுஷன்.

"இப்பச் சொல்லுதீங்களா?"

"ரெண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். முதல் பாதி சொன்னா மறுபாதிக்கு ஆளில்ல. சரி, நானே சொல்லுவோம்னு தொடங்கினா, அவ இடத்துல நான் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கு. வாய் கூசுது. விட்டுட்டேன்."

"உங்க பாதியை மட்டும் சொல்லுங்க."

"மறுபாதி?"

"அது உங்க வேலை இல்ல."

"நல்லாயிருக்கே! பாதிச் செபம் ஒரு செபமா? பங்குச்சாமி கேட்டா சிரிப்பாரு."

"அவரு சிரிச்சா நான் பேசிக்கிடுதேன். சாயங்காலம் வேண்டாம். அந்த நேரம் தெருவே செபம் சொல்லும், எது யார் சத்தம்னு தெரியாது. உச்சிப்பொழுதுல சொல்லுங்க. ஒரு மணி சொல்லி நிறுத்துங்க. பொறவு அடுத்த மணி. நடுவுல நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாது."

"எத்தனை நாளைக்கு?"

"முப்பது நாள். அதுக்குப் பொறவும் எறியணும்னு தோணிச்சுன்னா எறிஞ்சிருங்க. கடல் எங்கேயும் ஓடிப்போகாது."

மறுநாள் உச்சியில் எஸ்தாக்கி நடுவீட்டில் முழங்காலிட்டார். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கித் தன் பாதியைச் சொன்னார். நிறுத்தினார்.

ஒன்றுமில்லை.

அடுத்த மணி. ஒன்றுமில்லை.

ஐம்பத்து மூன்று மணிக்கும் ஒன்றுமில்லை. எழுந்துபோய்ப் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாளும் அப்படித்தான். கெபியம்மாவைத் திட்டினார். அவள் பேச்சைக் கேட்ட தன்னைத் திட்டினார். கடைசியில் ஆண்டவரையும் விட்டுவைக்கவில்லை. திட்டினதற்கும் பதில் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ஒன்றைக் கவனித்தார்.

அவர் சொல்லும்போது கடல் கேட்டது. நிறுத்தும்போது கேட்கவில்லை.

காதில் ஏதோ அடைப்பு என்று விரலை விட்டுக் குடைந்தார். மறுபடி சொன்னார். அலை கேட்டது. நிறுத்தினார். யாரோ ஜன்னலைச் சாத்தின மாதிரி அலை நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, எஸ்தாக்கி பயந்தாங்கொள்ளி இல்லை. கரை தெரியாத கடலில் ஒற்றை ஆளாக மூன்று நாள் கிடந்து மீண்டு வந்தவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பட்டப்பகலில், ஓட்டு வீட்டுக்குள் வெயில் காந்துகிற நேரத்தில், உடம்பெல்லாம் புல்லரித்தது.

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று தினமும் உள்ளே வந்து சிந்தின பருக்கையைப் பொறுக்கும். அதைப் பார்த்தார். அவர் நிறுத்தினதும், தூக்கின காலைக் கீழே வைக்காமல் ஒற்றைக் காலில் நின்றது. அடுத்த மணியைத் தொடங்கினதும் காலை ஊன்றியது.

அந்தக் கோழி மெரிட்டாவினுடையது. கொல்லையில் கருவாடு காயப்போடுகிறவள். பதினேழாம் நாள் அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"மாமா, மத்தியானச் செபத்தைக் கோயில்ல போய்ச் சொன்னா என்ன?"

"ஏன், என் சத்தம் உனக்கு இடைஞ்சலா?"

"சத்தம் இடைஞ்சல் இல்ல. கருவாட்டை அப்படியே போட்டுட்டு ஓடிடலாமான்னு இருக்கு எனக்கு."

"நான் என்ன இங்க பேயா ஓட்டுதேன்?"

"நீங்க சொல்லுறப்பப் பயமில்ல மாமா. நீங்க சொல்லாம இருக்கீங்க பாருங்க, அப்பத்தான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டுக் கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கோழி வரவே இல்லை. கட்டிப் போட்டிருப்பாள்.

எஸ்தாக்கி விடவில்லை. பக்தியால் என்று நினைத்துவிடாதீர்கள். வீம்பு. முப்பது நாளைக் கழித்துக் காட்டிவிட்டு, அந்தப் பெண்பிள்ளை முகத்துக்கு நேரே மாலையை எறிய வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

முப்பத்தோராம் நாள், சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது கெபிக்கு வந்து சேர்ந்தார்.

"முடிஞ்சுபோச்சு. முப்பது நாளும் சொன்னேன். பதில் இல்ல. பயங்காட்ட மட்டும் என்னமோ வருது. பதில் சொல்ல ஒரு நாதி இல்ல. இன்னையோட எனக்கும் உங்க சாமிக்கும் ஒண்ணுமில்ல."

"சரி" என்றாள் கெபியம்மா. "கடைசியா ஒருதடவை இங்க வச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டு எறியுங்க."

கையில் மாலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அவளை முறைத்தார். பிறகு மணலில் முழங்காலிட்டார். அவளும் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

அவருக்கு உள்ளூர ஒரு நப்பாசை. பக்கத்தில் ஒரு கிறிஸ்தவள் இருக்கிறாள். அவளாவது மறுபாதி சொல்வாள்.

தன் பாதியைச் சொன்னார். நிறுத்தினார்.

அவள் தலை குனிந்தது. உதடு அசையவில்லை.

அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த பனையோலைகள் அத்தனையும் நின்றன.

அடுத்த மணியைச் சொன்னார். ஓலைகள் சலசலத்தன. நிறுத்தினார். நின்றன.

முதல் பத்து மணி போயிற்று. இரண்டாம் பத்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் தலை குனிந்தது, உதடு அசையவில்லை. கடைசிப் பத்தான ஐந்தாம் பத்தில் ஆறாவது மணியை முடித்ததும், அதற்கு மேல் எஸ்தாக்கியால் தாங்க முடியவில்லை.

"நீங்களுமா?" என்று கத்தினார். "ஆண்டவரு கல்லா உட்கார்ந்திருக்காரு, நீங்களும் கல்லா? ஒரே ஒரு மறுபாதி சொன்னா உங்க வாயில இருந்து முத்தா உதிர்ந்துபோகும்? எனக்கு யாருமே இல்லம்மா. புரியுதா? யாருமே இல்ல."

குலுங்கிக் குலுங்கி அழுதார். புயலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அழுகிறார். பிள்ளைகளுக்கும் அழவில்லை, பிரகாசியைக் குழியில் இறக்கும்போதும் அழவில்லை.

அவர் அழுது ஓயும்வரை கெபியம்மா அப்படியே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒவ்வொரு மணியும் சொல்லி நிறுத்துனீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல."

"அதைத்தானே நானும் சொல்லுதேன்!"

"அப்ப அடுத்த மணியை எப்பத் தொடங்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இது ஒரு கேள்வியா?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிந்து விழுந்தார் எஸ்தாக்கி. "அவ சொல்லி முடிச்ச பொறவுதானே நான்…"

வாய் திறந்தபடி நின்றது.

கையில் இன்னும் நாலு மணி மீதி இருந்தது.