விளக்கின் முன் சொல்லாத சொல்

இந்தக் கதையில் வரும் ஆசிரியர் மலையில் பிறந்தவர் என்று மலைநாட்டார் சொல்வார்கள். வயல்நாட்டார் தங்கள் ஊர் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். கடற்கரையாரோ, அவருக்கு நீந்தத் தெரியும் என்பதையே சான்றாகக் காட்டுவார்கள். பெயர் மட்டும் எங்கும் மாறுவதில்லை: ஆதனார்.

அவருடைய மாணவன் எயினன், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் மாணவனாகவே இருந்தான். அவன் மலைநாட்டில் பிறந்தவன். அரசவையில் அரசனுக்காகப் பேசுவது அவன் பணி.

நாடு மூன்று பகுதிகளாக இருந்தது. மலைநாட்டார் வேங்கை மரத்தடியில் நட்ட கல்லைத் தொழுதார்கள். வயல்நாட்டார் கோபுரம் எழுப்பி, உள்ளே நின்ற சிலையை நீராட்டினார்கள். கடற்கரையார் உருவம் இல்லாத ஒருவனைக் கிழக்கு நோக்கி நின்று, கைகளை விரித்து அழைத்தார்கள்.

தெற்கே அடுத்த நாட்டில், எல்லைமுதல் எல்லைவரை எல்லாரும் கைகளை விரித்தே தொழுதார்கள். அந்நாட்டின் தூதர் பிரபாசர் ஒரு நாள் அரசவைக்கு வந்தார்.

“அரசே, உங்களுடையது நாடு அல்ல, ஒட்டுப்போட்ட துணி. கடற்கரையார் எங்கள் இறைவனைத் தொழுகிறார்கள். எனவே அவர்கள் எங்களவர்கள். கடற்கரையை எங்களுக்கு விட்டுவிடுங்கள்.”

“விடாவிட்டால்?” என்றான் அரசன்.

“படை வரும். ஆனால் எங்கள் அரசர் நியாயம் பார்ப்பவர். மூன்று பகுதிக்கும் பொதுவாக ஏதேனும் ஒன்றைக் காட்டுங்கள். நீங்கள் வாங்கும் வரியைத் தவிர. காட்டிவிட்டால் நான் திரும்பிப் போகிறேன்.”

அவையில் ஓரிருவர் சிரித்தார்கள். அரசன் சிரிக்கவில்லை.

“மொழி இருக்கிறதே,” என்றான் எயினன்.

“அதை நானும் பேசுகிறேன். உங்களைவிடப் பிழையில்லாமல்.”

அது உண்மை. பிரபாசர் இலக்கணமும் நிகண்டும் முறையாகக் கற்றவர். எயினன் பதற்றத்தில் பிழைபடச் சேர்த்த இரண்டு சொற்களை அன்று காலையில்தான் திருத்தியிருந்தார்.

“உணவு?”

“நாங்களும் சோறுதான் உண்கிறோம்.”

அரசன் எயினனைப் பார்த்தான். “முழுநிலா நாளில் பதில் சொல்ல வேண்டும். கடற்கரை உன் நாக்கில் இருக்கிறது.”

எயினன் ஆசிரியரைத் தேடிப் போனான். ஆதனார் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, எனக்கு வெட்கமாக இருக்கிறது.”

“எதற்கு?”

“நம் நாட்டில் ஓர் ஆற்றைக் கடந்தால் கடவுள் மாறிவிடுகிறார்.”

“ஆற்றைக் கடந்தவன் நீ. அவரை ஏன் குறை சொல்கிறாய்?”

“விளையாட வேண்டாம் ஐயா. எதை எடுத்தாலும் மூன்றாகவே வருகிறது. மணமகள் கழுத்தில் இங்கே மஞ்சள், அங்கே முத்து, எங்கள் மலையில் குன்றிமணி. இறந்தவரை ஒரு பக்கம் எரிக்கிறோம், ஒரு பக்கம் புதைக்கிறோம். பொதுவாக ஒன்றுகூட அகப்படவில்லை.”

“அப்படியானால் தூதரை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவோம்.”

“அங்கேயா? அங்கேதானே ஐயா தோற்போம்! அவர் கையை விரித்தால் அவர்களும் விரிப்பார்கள்.”

“விரிக்கட்டும். நீ இந்தத் துணியின் அந்த நுனியைப் பிடித்துப் பிழி.”

அவர்கள் பவழாயி என்னும் மீனவப் பெண்ணின் வீட்டில் தங்கினார்கள். அவள் கணவன் திமிலன் அன்புடன் வரவேற்றான். தூதரின் பல்லக்கைச் சுமக்க அரசன் அனுப்பியவர்கள் வாசலில் இடம் பிடித்தார்கள். வயல்நாட்டைச் சேர்ந்த அவர்களுக்குக் கொற்றன் என்பவன் தலைவன்.

மாலையில் தொழுகை நடந்தது. திமிலனும் பவழாயியும் கைகளை விரித்தார்கள். தூதரும் விரித்தார். மூவர் வாயிலும் ஒரே மன்றாட்டு, ஒரே இடத்தில் நின்று, ஒரே இடத்தில் எழுந்தது. எயினன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே நின்றான்.

தொழுகை முடிந்து வந்த தூதர் புன்னகை செய்தார். “பார்த்தீர்களா? இந்த வீட்டில் விருந்தாளி நீங்கள்தான்.”

எயினன் ஆசிரியரைப் பார்த்தான். அவர் மீன் முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

விடியுமுன் திமிலன் படகை இறக்கிக்கொண்டு போனான். பவழாயி வாசற்படியில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். கணவன் கடலில் இருக்க, இருள் விலகும்வரை அது எரிய வேண்டும் என்பது கடற்கரை வழக்கம்.

கதிரவன் நன்றாக மேலே வந்துவிட்டான். பவழாயி தண்ணீர்க் குடத்தோடு திரும்பினாள். உதவ எண்ணிய தூதர் வாசற்படியருகே குனிந்தார்.

“அம்மா, விடிந்துவிட்டதே. எண்ணெய் வீணாகிறது. விளக்கை நானே—” என்று தொடங்கி, ஒரு சொல்லைச் சொன்னார்.

அது நிகண்டில் உள்ள சொல்தான். பெருங்காற்று விளக்குக்குச் செய்வதைக் குறிப்பது. தூதர் அதைப் பிழையில்லாமலே சொன்னார். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்பவர்கள், எப்பகுதியாரானாலும், இவ்விடத்தில் கையை வீசிக் காட்டுவார்களே அன்றி அந்தச் சொல்லைத் தம் வாயால் சொல்வதில்லை.

பவழாயியின் இடுப்பிலிருந்து குடம் நழுவியது. குடம் உடைந்தது என்று கடற்கரையிலும், உடையாமல் தப்பியது என்று வயல்நாட்டிலும் சொல்வார்கள்.

“ஐயையோ, என்ன வாய் இது! அவர் கடலில் இருக்கிறார் சாமி! முதலில் வாயைக் கொப்பளியுங்கள்!”

தூதர் திகைத்தார். “என்ன தவறு செய்தேன்? சரியான சொல்தானே?”

“சரியான சொல்லாக இருந்தால் என்ன? எரிகிற விளக்கின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வார்களா?”

தூதர் எயினன் பக்கம் திரும்பினார். எயினனின் கை அவனை அறியாமலே நெஞ்சுக்குப் போயிருந்தது. வாசலில் பல்லக்குத் தூக்கிகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“வேறு எப்படிச் சொல்வது?”

“குளிர வைக்கட்டுமா என்று கேளுங்கள்,” என்றாள் பவழாயி.

கொற்றனுக்குப் பொறுக்கவில்லை. “குளிரவா? அமர்த்தட்டுமா என்று கேட்பதுதான் ஐயா முறை. இந்தக் கடல்காற்றில் குளிர வைத்தால் விளக்குக்குச் சளி பிடித்துக்கொள்ளும்.”

“உன் வயலில் போய் அமர்த்தி நடு. இங்கே குளிரத்தான் வைப்போம்.”

“இரண்டும் இல்லை,” என்றான் எயினன். தான் பேசப்போவதை அவனே எதிர்பார்க்கவில்லை. “மலையேற்றட்டுமா என்று கேட்க வேண்டும். என் தாய் அப்படித்தான் சொல்வாள்.”

பவழாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் பார்த்தாள். “மலையேற்றுவதற்கு இங்கே மலை எங்கே ஐயா இருக்கிறது? அந்த மணல்மேட்டில் ஏற்றிவிடவா?”

கொற்றன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நன்றாகக் கேட்டாய் அக்கா!”

“நீ சிரிக்காதே. அமர்த்துகிறானாம் அமர்த்துகிறான். விளக்கு என்ன மருமகனா, பாய் போட்டு அமர்த்த?”

இப்போது எயினனும் சிரித்தான். ஆதனார் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

தூதர் முற்றத்தின் ஓரமாகப் போய் வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்து, மூன்றில் ஒரு சொல்லைச் சொல்லி, மறுபடியும் கேட்டார். எந்தச் சொல் என்பது நீங்கள் கதை கேட்கும் ஊரைப் பொறுத்தது.

பவழாயி ஒரு பூவிதழை எண்ணெயில் தொட்டுச் சுடரின்மேல் மெல்ல வைத்தாள். பிறகு கடலைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. கொற்றன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவளருகே நின்றான். எயினனும் நின்றான். தூதர் கைகளை விரித்தார். அவர் உதடுகள் அசைந்தன.

நண்பகல் நெருங்கும்போது திமிலனின் படகுப் பாய் தெரிந்தது.

“வருகிறார்,” என்றான் கொற்றன், தன் சொந்தத் தமையனைக் கண்டவனைப் போல.

முழுநிலா நாளன்று அவை கூடியது. ஆதனாரும் வந்து ஓரமாக அமர்ந்தார்.

எயினன் எழுந்தான். தயாரித்து வைத்திருந்த நீண்ட உரையை அவன் பேசவில்லை. கடற்கரையில் நடந்ததை மட்டும் சொன்னான். தூதரின் சொல் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினான்.

மலைநாட்டுத் தலைவர் “ஐயோ” என்றார். வயல்நாட்டு முதியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அரசனின் பார்வை, அரியணைக்கு அருகே எரிந்த விளக்கை நோக்கித் தானாகவே சென்றது.

தூதர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் நேர்மையானவர், விட்டுக்கொடுக்க மனமில்லாதவரும்கூட.

“அரசே, அந்த வீட்டில் நான் அயலானாக நின்றதை மறைக்க மாட்டேன். என் இறைவனைத் தொழும் வீட்டில், என் மன்றாட்டையே சொல்லும் பெண்ணின் முன்னால் நின்றேன். ஆனால் நான் கேட்டது பொதுவான ஒன்றை. நீங்கள் காட்டுவது என்ன? கடவுள் மூன்று விதம் என்றால், விளக்குக்குச் சொல்லும் சொல்லும் மூன்று விதம். ஒருத்தி குளிர வைக்கிறாள், ஒருவன் அமர்த்துகிறான், ஒருவர் மலையேற்றுகிறார். ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றவர் சிரிக்கிறார். இதில் மூன்று பகுதிக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டா? உண்டென்றால் காட்டுங்கள். கடற்கரையைப் பற்றி அதன்பின் நான் பேச மாட்டேன்.”

அரசன் எயினனைப் பார்த்தான். எயினன் ஆசிரியரைப் பார்த்தான். அவன் முகத்தில் வெட்கம் இல்லை.

ஆதனார் எழுந்து நின்றார்.

“உண்டு,” என்றார். “அன்று வாசற்படியில் நீங்கள் சொன்னீர்களே, அதுதான். மூன்று பகுதியாரும் சேர்ந்து அந்த ஒன்றைத்தான் சொல்லாமல் வைத்திருக்கிறோம்.”

தூதர் சொன்னபடியே அன்று தம் நாட்டுக்குத் திரும்பினார்.