நாக்கறுக்கும் சட்டம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு, வழக்குரைஞர்கள் வாய் திறந்தாலே எரிச்சல் வந்தது. "பேசிப் பேசியே குற்றவாளிகளைத் தப்பவிடுகிறார்கள், பிரபு" என்று மந்திரி வல்லபர் தூபம் போட்டார். உடனே புதுச் சட்டம் வந்தது: ராஜத்துரோகிக்கு ஆதரவாகப் பேசுகிறவனின் நாக்கு அறுக்கப்படும்.

முதல் வாரமே நல்லபெருமாள் என்ற முதிய வழக்குரைஞர் நாக்கை இழந்தார். அதன்பின் ஒருவரும் நியாயசபைப் பக்கம் தலைகாட்டவில்லை. தமக்காகப் பேச ஆளில்லாமல் ஏழு பேர் தூக்கில் தொங்கினார்கள்.

எட்டாவதாகப் பூவாயியை இழுத்து வந்தார்கள். லாயத்துக்குப் புல் விற்கிறவள். அரசரின் பட்டத்துக் குதிரையை விஷப்புல் போட்டுக் கொன்றாளாம். சாட்சி, லாயத் தலைவன் திம்மராயன், மந்திரியின் மைத்துனன்.

அரசவை விகடன் சாத்தப்பன் எழுந்தான். முன்பு அவனும் வழக்குரைஞன்தான்.

"அரசே, இவளுக்கு எதிராகப் பேச அனுமதி வேண்டும்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல். அரசர் தலையசைத்தார்.

"இவளை ஒருமுறை தூக்கிலிட்டால் போதாது, மூன்று முறை இட வேண்டும்! திம்மராயரே, விஷத்தை உம் கண்ணாலேயே பார்த்தீரா?"

"பார்த்தேன். புல்லில் வெள்ளையாகத் தூவியிருந்தாள்."

"பலே! குதிரை அதைத் தின்றதையும் பார்த்தீரா?"

"பக்கத்திலேயே நின்று பார்த்தேன்."

"அப்படியானால் அரசே, கயிறு இரண்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். விஷமென்று தெரிந்தும் தின்னவிட்டவர் இவர்."

திம்மராயன் அரசரின் காலில் விழுந்தான். "ஐயோ, நான் எதையும் பார்க்கவில்லை பிரபு! குதிரை செத்தது நான் போட்ட பூஞ்சை பிடித்த கொள்ளால். பழியை இவள்மேல் போடச் சொன்னது அத்தான்தான்!"

"இந்த விகடன் துரோகிக்கு ஆதரவாகப் பேசிவிட்டான்! நாக்கை அறுங்கள்!" என்று மந்திரி கத்தினார்.

விசாரணையை எழுதிவந்த எழுத்தரை, அதை வாசிக்கச் சொன்னார் அரசர். சாத்தப்பன் பேசியதில் பூவாயிக்கு ஆதரவாக ஒரு சொல்கூட இல்லை. அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சபையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மந்திரியையும் மைத்துனனையும் காவலர் பிடித்துக்கொண்டார்கள். "என்ன வேண்டுமோ கேள்" என்றார் அரசர்.

"அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள், அரசே."

அரசர் சட்டம் எழுதிய ஓலையைக் கிழித்தெறிந்து, தம் முத்துமாலையையும் அவன் கழுத்தில் போட்டார்.

கைக்கட்டை அவிழ்த்த பிறகும் பூவாயி எழுந்திருக்கவில்லை. சாத்தப்பன் கிட்டே வந்ததும் உட்கார்ந்தபடியே பின்வாங்கினாள். "மூணு தடவை தூக்குல போடச் சொன்னீங்களே சாமி. உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

சாத்தப்பன் அவளருகே தரையில் உட்கார்ந்தான். "நீ ஒரு தப்பும் செய்யலைம்மா" என்றான். அவளுக்கு ஆதரவாக அந்தச் சபையில் ஒருவர் சொன்ன முதல் சொல் அதுதான்.