எழுந்து போகாத காற்று

பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் ராக்கம்மாவின் மார்புக்கூட்டுக்குள் ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இருவர் குடியிருந்தார்கள். இருவரும் நுரையீரல்கள். வலப்பக்கம் பெரியவன், இடப்பக்கம் சின்னவன். இதயத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்ததில் சின்னவன் கொஞ்சம் ஒடுங்கிப் போயிருந்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாளே கிடையாது.

அவர்களுக்கு அடியில், பாய் விரித்தாற்போல் கிடந்தது உதரவிதானம் என்ற தசை. உண்மையில் பாடுபடுவது அதுதான். அது கீழே இறங்கினால் மார்பு விரியும். காற்று மூச்சுக்குழாயில் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கோடிக்கணக்கான குட்டி அறைகளுக்குப் போய்ச் சேரும். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் காத்து நிற்கும். பிராணவாயுவை வாங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் சுற்றிச் சேர்த்து வந்த கரியமிலவாயுவைக் காற்றின் கையில் கொடுத்துவிடும். உதரவிதானம் மேலே ஏறினால் காற்று வந்த வழியே வெளியேறும்.

ஆனால் கொஞ்சம் காற்று மட்டும் போகாது. ராக்கம்மா எவ்வளவு ஊதினாலும் அது அறைகளிலேயே தங்கிவிடும். சின்னவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. இருக்கிற இடமே குறைச்சல், இதில் கை கழுவிய பிறகும் எழுந்து போகாத விருந்தாளி வேறா என்று புலம்புவான். அந்த மிச்சக்காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். அவள் பிறந்து வீறிட்ட அன்று வந்து உட்கார்ந்ததாம், அதற்கு மேல் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

ஒருநாள் சின்னவன் உதரவிதானத்தைக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை நன்றாக மேலே ஏறி அந்தக் காற்றை நெட்டித் தள்ளிவிடச் சொன்னான். தன்னால் அவ்வளவு ஏற முடியாது என்றது அது. பெரியவன் குறுக்கிட்டு, காற்று முழுக்கப் போய்விட்டால் அறைகள் நனைந்த பாலிதீன் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது பெரும்பாடு என்று எடுத்துச் சொன்னான். சின்னவன் காதில் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று காலை ராக்கம்மா இடுப்பில் பையைக் கட்டி, கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்கினாள். முங்குமுன் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து வாயை மூடிவிட வேண்டும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் பேசக்கூடாது. அவளும் இழுத்து மூடினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் மிதந்த பஞ்சவர்ணம், "மதினி, அண்ணே இன்னிக்கு மீன்குழம்பு வச்சாராமே, அது குழம்பா, உப்புக் கடலா?" என்று கேட்டுவிட்டாள். ராக்கம்மாவுக்குச் சிரிப்பு வெடித்தது. இழுத்த மூச்செல்லாம் சிரிப்போடு போனது. மறுபடி மூச்சு இழுக்காமல் சிரித்தபடியே முங்கிவிட்டாள்.

கீழே பாறை இடுக்கில் கிடந்த கிழிந்த வலை அவள் காலைப் பிடித்துக்கொண்டது.

உதறினாள், வரவில்லை. குனிந்து விரலால் நூலைத் தேடினாள். உள்ளே ரத்தம் ஓடி வந்து சுவரைத் தட்டியது. புதுக்காற்று கொண்டுவந்த கொஞ்சநஞ்சமும் தீர்ந்திருந்தது. மூக்கையும் வாயையும் திறந்தால் உள்ளே வரப்போவது கடல்தான். இழு இழு என்று மூளை அனுப்பிய உத்தரவுக்கு உதரவிதானம் துடித்தது. சின்னவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

இதயம் கேட்டது: "சின்னவரே, இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

அவன் தன் அறைகளைப் பார்த்தான். அங்கே மிச்சக்காற்று உட்கார்ந்திருந்தது. கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

"எங்கிட்டக் கொஞ்சம் இருக்கு, எடுத்துக்கிருங்க," என்றது அது.

ரத்தம் அள்ளியது. இதயம் அடித்தது. கைக்குப் போனது, விரலுக்குப் போனது. நூல் ஒன்று அறுந்தது, அடுத்ததும் அறுந்தது. கால் வந்துவிட்டது.

ராக்கம்மா தண்ணீருக்கு மேலே வந்து விசிலடிப்பது போல ஒரு மூச்சு இழுத்தாள். பஞ்சவர்ணம் அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். உதரவிதானம் இறங்கி ஏறி, இறங்கி ஏறி நிதானத்துக்கு வந்தது. சின்னவன் மனம் நிறைந்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். வலையை அறுத்த விரலுக்கும், தன் மூலையில் இருந்துகொண்டு விடாமல் அடித்த இதயத்துக்கும் கூடச் சொன்னான்.

மிச்சக்காற்று மட்டும் ஒதுங்கி நின்றது. தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தாயிற்று, கையில் கரியமிலவாயுதான் மிச்சம், இனி இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பானேன் என்று அது வாசல் பக்கம் திரும்பியது.

உதரவிதானம் மேலே ஏறத் தொடங்கியது. காற்றெல்லாம் கிளம்பியது.

சின்னவன் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தான். "நீங்க இருங்க," என்றான்.