தரங்கம்பாடி லாட்ஜில் டேனிஷ் பேசிய லூர்துநாதன்

தரங்கம்பாடியில் லாட்ஜ் நடத்தும் மங்கையர்க்கரசிக்கு ஒரு கைடு தேவைப்பட்டது. மறுநாள் டென்மார்க்கிலிருந்து ஒரு கூட்டம் கோட்டை பார்க்க வருகிறது. சேதி காதில் விழுந்ததும் லூர்துநாதன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். கப்பலில் உருளைக்கிழங்கு உரித்த வேலை போனதிலிருந்து மாமியார் வீட்டுச் சோறுதான். அந்த அம்மா இப்போதெல்லாம் தட்டை வைப்பதில்லை, வீசுகிறாள். இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

"டேனிஷ் தெரியுமா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! அவனுக வார்த்தையோட வார்த்தையா ஒட்டிக்கிட்டே போவானுக. அந்த ஊர் ஹார்பர்ல ஒரு போர்டு. ஒரே வார்த்தைதான். படிச்சுக்கிட்டே நடந்தேன், நடுவுல ரெண்டு டீக்கடை வந்திருச்சு."

"டென்மார்க்ல ஏதுய்யா டீக்கடை?" சமையல்கார உத்தண்டி கரண்டியோடு எட்டிப் பார்த்தான்.

"படிக்கிறவன் களைச்சுப் போவான்னு வெச்சிருக்கான்யா! குறுக்க பேசாத." லூர்துநாதனுக்குச் சூடு பிடித்துவிட்டது. "நீளம்கூடப் பரவாயில்லக்கா, அழுத்தம்தான் விஷயம். வார்த்தையோட முதல் துண்டுலதான் கும்முன்னு அழுத்தணும். நான் ஒருநாள் கப்பல்ல நின்னு தெரியாத்தனமா வால்ல அழுத்திட்டேன். கப்பலோட பின்பக்கம் தண்ணிக்குள்ள போயிருச்சு! கேப்டன் அழுவுறான். சட்டுன்னு முதல் துண்டை அழுத்திச் சொன்னேன், கப்பல் நேரா நின்னுச்சு."

"அட கடவுளே!" உத்தண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னும் கேளு. அசை பிரிக்கிறது கோழி வெட்டுற மாதிரி, மூட்டுப் பார்த்துப் பிரிக்கணும். ஒருத்தன் எலும்புல வெட்டிட்டான். பாதி வார்த்தை கடல்ல விழுந்து, ஒரு திமிங்கிலம் முழுங்கி, தொண்டையில சிக்கிக்கிச்சு. நான்தான் வாய்க்குள்ள இறங்கி அசை அசையா உருவுனேன். போகும்போது அது டேனிஷ்ல நன்றி சொல்லிட்டுப் போச்சு."

"அழுத்தம் சரியா இருந்துச்சா?" என்றான் உத்தண்டி.

"கொஞ்சம் பிசகு. திருத்தி அனுப்பினேன்."

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. "எங்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

லூர்துநாதனுக்கு மாமியார் வீட்டில் வீசப்படும் தட்டு கண்முன்னே வந்து போனது. ஆனாலும் அசரவில்லை. "சொல்லிரலாம்க்கா. ஆனா எனக்குத் தெரிஞ்சதுலயே சின்ன வார்த்தைய இப்ப ஆரம்பிச்சாக்கூட, முடிக்கப் பொங்கல் ஆயிரும். நடுவுல நிறுத்தவும் கூடாது."

"அதுக்கென்ன, நல்லதாப் போச்சு," என்று எழுந்தாள் அவள். "வெளிய நின்னு ஆரம்பி. முடிச்சதும் வா, வேலை போட்டுத் தர்றேன்."