இடது பக்கத் தரை

சாந்தாமணிக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது. வீடும் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேன் இருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்த பழைய வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு அவளே உள்ளே கட்டில் அடித்தாள், அடுப்பு மேடை வைத்தாள், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றினாள். ஜன்னல்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒவ்வொன்றும் இனி ஓடாது என்று கைவிடப்பட்ட ஏதோ ஒரு காரிலிருந்து வந்தது. மழை பெய்தால் ஒரு கண்ணாடியில் மட்டும் ஐந்து சின்ன விரல்களின் தடம் தெரியும். மழை விட்டதும் போய்விடும்.

"துடைச்சு எடுத்துரட்டுங்களா?" என்று நாச்சிமுத்து ஒருமுறை கேட்டான்.

"கண்ணாடில குறை ஒண்ணுமில்லீங்ணா. இருக்கட்டும்," என்றாள்.

நாச்சிமுத்து அவளுடைய சீடன். அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். மில் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக மொபெட்டில் வேனுக்குப் பின்னால் வருகிறான். போகிற ஊர் டீக்கடைகளில், "சிஷ்யப்பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சுங்களா?" என்று சிரிப்பார்கள்.

"இருக்கறது விழாம இருந்தாப் போதுங்க," என்பான்.

பழைய காரை மறுபடி ஓட வைக்க யாராவது கூப்பிட்டால், காரைச் சாந்தாமணியிடம் கொண்டுபோக முடியாது. அவள்தான் வருவாள். கார் எங்கே நின்றுபோனதோ அதன் பக்கத்தில் வேனை நிறுத்துவாள். அது ஓடும்வரை அங்கேயே சமைத்து, அங்கேயே படுப்பாள்.

"ஒரு வீடு பாத்துக்கக் கூடாதுங்களா, மேஸ்திரி?"

"வீடு இருந்தா வண்டிய அங்க கொண்டாரச் சொல்லுவேன். நின்ன எடத்துல பாத்தாத்தான் ஏன் நின்னுச்சுன்னு தெரியும்."

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கழற்றிய பாகத்தை அப்படியே எறியக் கூடாது. அதன் குறையை அட்டைச் சீட்டில் எழுதி, கம்பியால் அதில் கட்ட வேண்டும். 'ரேடியேட்டர். கீழ் வரிசையில் இரண்டு ஓட்டை.' 'கிளட்ச் தட்டு. தேய்ந்து ஆணி தெரிகிறது.' எழுதினால்தான் புதுப் பாகம் தருவாள். பிறகு பாகம் பழைய இரும்புக்குப் போகும். சீட்டு வேனுக்குள் கயிற்றில் தொங்கும். எத்தனை சீட்டுகள் என்று நாச்சிமுத்து எண்ணியதில்லை. காற்று அடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று உரசும். அடுத்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுபோல் இருக்கும்.

மற்றவர்களின் கார்களில் இரண்டு வருடம் வேலை கற்ற பிறகு, ஒரு நாள் அவனாகவே ஆரம்பித்தான்.

"எங்கூர்ல ஒரு வண்டி இருக்குதுங்க, மேஸ்திரி. எங்கண்ணன் கிட்டுசாமியோடது. அறுபத்து நாலாம் வருசத்து ஃபியட்டு. அண்ணி மறுபடி ஓட்டிப் பாக்கோணும்ங்கறாங்க. பொண்ணுக்கு ஆவணில கல்யாணம். அப்பன் வண்டிலதான் மண்டபத்துக்குப் போவேன்னு பொண்ணு நிக்குது."

"ஏன் நின்னுச்சு?"

"பிரேக் போயிருச்சுங்க. புளியமரத்துல மோதி, அண்ணன் அங்கயே போயிட்டாரு. பத்தொம்பது வருசமாச்சு."

"ஓட்டுனது?"

"நாந்தானுங்க."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

தாராபுரத்துக்கு மேற்கே, காற்றாலைகள் நிற்கும் மானாவாரிக் காடு. அண்ணன் தோட்டத்தில், ரோட்டோரக் கொட்டகையில், முகப்பு நசுங்கியபடியே கார் நின்றது. அங்கிருந்து பார்த்தாலே அந்தப் புளியமரம் தெரியும். கொட்டகைக்கு மேற்கே ஒரு காற்றாலை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அதன் இறக்கைகளின் நிழல் தரையில் நீண்டு வந்து கொட்டகையை எட்டும். ஒவ்வொரு இறக்கையும் காரைக் கடக்கும்போது ஒரு கணம் இருட்டும். பிறகு வெயில். பிறகு இருட்டு.

அண்ணி தெய்வானை முதல் நாளே மோர் கொண்டுவந்தாள். காரைத் தொடவில்லை. அந்த நேரத்தில் ரோட்டில் ஒருவர் சைக்கிளில் வந்தார். காற்றாலை வாட்ச்மேன் சட்டை. கொட்டகை வந்ததும் இறங்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே கடந்தார்.

"பாரு, அவந்தான்," என்றாள் தெய்வானை. "ஆறுச்சாமி. பெரிய மெக்கானிக்கு. பிரேக் பாத்துத் தர்றேன்னு வாங்கி, மூணே நாள்ல எந்தாலிய அறுத்துப்போட்டான். அவன் கடை வாசல்ல மண்ணை வாரித் தூத்துனேன். அன்னைக்குச் சாத்துன கடை. எங்கொழுந்தனாரைக் கேளு, பக்கத்துலயேதான் நின்னாரு."

நாச்சிமுத்து காருக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வரவில்லை.

மறுநாள் உள்ளே விரித்திருந்த பழைய விரிப்பை எடுத்தார்கள். முன்சீட்டில் இடது பக்கம் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்தில், தரைத் தகடு கீழே அமுங்கியிருந்தது. ஒரு குதிகால் அளவு. சாந்தாமணி குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"தட்டி நிமித்துங்க."

அவன் அடியிலிருந்து சுத்தியலால் தட்டிச் சமமாக்கினான். நன்றாகவே வந்தது. மூன்றரை மணிக்கு இறக்கையின் நிழல் காரின்மேல் ஏறியது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தான். அதே இடத்தில், அதே ஆழத்தில் தகடு அமுங்கியிருந்தது.

மறுநாளும் தட்டினான். கதவுகளைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. மூன்றரை மணிக்கு, டொக்.

"ஏனுங்க மேஸ்திரி, தரை ஏன் அமுங்குது?"

"வெயிலுக்குத் தகடு விரியும்."

"வலது பக்கம் விரியலீங்களே."

"ஆமாங்ணா, விரியல."

அவன் அந்தத் தகட்டையே வெட்டி எடுத்தான். சீட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் 'துரு' என்று எழுதினான். துரு இல்லை. அடித்துவிட்டு, 'அமுங்குகிறது. காரணம் தெரியவில்லை' என்று எழுதினான். அவள் படித்துவிட்டுப் புதுத் தகடு தந்தாள். ஆனால் பழைய தகட்டை இரும்புக்குப் போடாமல் வேனுக்குள் சாய்த்து வைத்தாள். புதியது முன்னதைவிடக் கனம். வெல்டிங் அடித்து முடித்து இரண்டு நாள் அமுங்கவில்லை. மூன்றாம் நாள் அமுங்கியது.

பிரேக் வேலை வந்தபோது, "நானே பாத்துக்கறேனுங்க," என்று முந்திக்கொண்டான். பாகங்களைக் கழற்றிச் சாக்கின்மேல் குவித்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. 'பிரேக். போய்விட்டது.'

"எது போச்சு?"

"எல்லாந்தானுங்க."

"எல்லாம்னு ஒரு பாகம் இல்லீங்ணா."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் வைத்தாள். சிலிண்டருக்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னாள். வழவழவென்று இருந்தது. குழாயில் வெடிப்பு இல்லை. பிரேக் ஷூ நான்கு சக்கரத்திலும் நேற்று மாற்றியதுபோல் கனமாக இருந்தது. ரப்பர்கள் மட்டும் இறுகியிருந்தன.

"இது பத்தொம்பது வருசம் சும்மா நின்னதுல எறுகுனது. ரப்பருக்கு எழுதுங்க, புதுசு தர்றேன். மத்ததுலயும் குறை இருந்தா எழுதுங்க, மாத்திரலாம்."

"கல்யாணப் பொண்ணு ஏறப்போறா, மேஸ்திரி. எதுக்குங்க வம்பு? மொத்தமாப் புதுசு போட்டுரலாங்க."

"போட்டுரலாம். எழுதுங்க."

அவன் வேனுக்குள் போய்ச் சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். 'சிலிண்டர்' என்று எழுதிவிட்டு நிறுத்தினான். கிழித்தான். 'குழாய்' என்று எழுதினான். அதையும் கிழித்தான். வெளியே காற்று எழுந்தது. தலைக்குமேல் சீட்டுகள் உரசத் தொடங்கின. அந்த முணுமுணுப்புக்கு நடுவே யாரோ 'நாச்சி' என்று கூப்பிட்டதுபோல் இருந்தது. அண்ணன் ஒருவர்தான் அவனை அப்படிக் கூப்பிடுவார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தான்.

ரோட்டில் ஆறுச்சாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சாந்தாமணி வேலி வரைக்கும் போய்க் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்ணா. தண்ணி குடிச்சுட்டுப் போலாம்."

"வேண்டாம் அம்மணி. நான் பக்கத்துல வந்தேன்னா அந்த வண்டி மறுக்காவும் கெட்டுப்போயிரும்பாங்க." அவர் சிரிக்கத்தான் பார்த்தார். போகிறவர் திரும்பி, "பிரேக்கை மட்டும் நல்லாப் பாத்துக்க, அம்மணி," என்றார்.

ரப்பர்களை மட்டும் மாற்றி, பழைய பாகங்களையே சாந்தாமணி பூட்டினாள்.

முகப்பும் எஞ்சினும் சரியாகி, கார் கிளம்பிய அன்று அண்ணி சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். மூன்று மணிக்குச் சாந்தாமணி ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க. இடது பக்கம்."

"நான் பின்னாடி உக்காந்துக்கறேனுங்க."

"இடது பக்கம்."

அவன் ஏறினான். காலைத் தூக்கி, குழியை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டான். கார் ஊர் வரைக்கும் போய்த் திரும்பியது. எஞ்சின் சுத்தமாக ஓடியது. ரோட்டில் ஆளில்லை. இறக்கைகளின் நிழல்கள் குறுக்கே ஓடின. இருட்டு, வெயில், இருட்டு. தூரத்தில் புளியமரம் தெரிந்தது. வளைவு அங்கேதான்.

"கொஞ்சம் மெதுவாங்க, மேஸ்திரி."

வேகம் குறையவில்லை.

"மேஸ்திரி, வளைவு."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்களை மூடியிருந்தாள். தலை லேசாகத் தோளில் சாய்ந்திருந்தது. கைகள் மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"மேஸ்திரி! ஏனுங்க! கண்ணைத் திறங்க!"

மரம் கண்ணாடி முழுக்க வந்தது. அவன் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது.

டொக்.

குதிகால் அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

கார் நின்றது. மரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். சாந்தாமணி பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கண்ணைத் திறந்தாள்.

"பிரேக் பிடிக்குதுங்களா?"

அவன் கால் அந்தக் குழியிலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை.

பின்னாலிருந்து சைக்கிள் சக்கரத்தின் சத்தம் வந்தது. ஆறுச்சாமி. ரோட்டில் டயர்கள் இழுத்த கோடுகளைப் பார்த்து நின்றார். குனிந்து, ஒரு கோட்டை விரலால் தொட்டார். ஒரு பக்கமும் சாயாமல் நேராக இழுத்திருந்தது.

"நல்லாப் பிடிக்குது, அம்மணி," என்றார். அவனைப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் மறையும்வரை நாச்சிமுத்து கண்ணாடி வழியாக மரத்தையே பார்த்திருந்தான்.

"அன்னைக்குக் கெடா விருந்துங்க," என்றான். "மில்லுல ரெண்டு நாளா நைட் ஷிஃப்ட்டு. நான் ஓட்டறேன்னு அண்ணங்கிட்ட இருந்து சாவிய வாங்குனேன். கண்ணு அசந்துருச்சு. அவரு கத்துனது கனவுல மாதிரி கேட்டுச்சுங்க. ஆஸ்பத்திரில எல்லாரும் பிரேக்கா, பிரேக்கான்னு கேட்டாங்க. ஆமான்னேன். ஒருக்கா சொல்லிட்டேன், அப்பறம்..."

சாந்தாமணி காரைப் பின்னால் எடுத்தாள்.

கொட்டகைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தூரத்தில், வரப்பின்மேல் தெய்வானை வந்துகொண்டிருந்தாள். கையில் பூக்கூடை. நாச்சிமுத்து அவசரமாகச் சுத்தியலை எடுத்தான்.

"கல்யாணம் முடியட்டுங்க, மேஸ்திரி. முடிஞ்சதும் நானே சொல்லிர்றேன். இப்பச் சொன்னா என்னை மண்டபத்துல சேத்த மாட்டாங்க. அதுவரைக்கும் இந்தத் தரை நின்னாப் போதும். பொண்ணு அந்தப் பக்கந்தான் உக்காருவா. இன்னும் எத்தனை கனத்துல தகடு போட்டா அமுங்காம நிக்குங்க?"

சாந்தாமணி வேனுக்குள் போனாள். முன்பு வெட்டியெடுத்த தகட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் எழுதிய சீட்டு அதில் இன்னும் தொங்கியது. கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணிகிட்டச் சொல்லிப்போட்டு வந்து தட்டுங்க," என்றாள். "பழைய தகடே நிக்கும்."