பதினான்கு வட்டுகள்

“இதுல எது ரொம்ப தூரம் போகும், மாஸ்டர்?”

சௌந்தரபாண்டியன் பையை அவிழ்த்துப் புல்லில் கொட்டினார். பதினான்கு பிளாஸ்டிக் வட்டுகள். பெரும்பாலும் புதியவை, தீட்டியது போன்ற விளிம்பு. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு முதல் பதிமூன்று வரை ஏதோ ஓர் எண். எண் ஏற ஏற வேகம் ஏறும்.

பிலோமினா பார்த்தாள். தொடவில்லை.

“எல்லாமே தூரம் போகும், அண்ணே.”

“அது தெரியும். எது அதிக தூரம்?”

“எதுவரைக்கும் நீங்க அது கூடப் போவீங்க?”

அவருக்கு எரிச்சல் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவளிடமா ஆட்டம் கற்றுக்கொள்ள இரண்டு மாதமாக மலையேறி வருகிறோம் என்று நினைத்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் பூட்டுக் கடை. கல்லூரியில் படிக்கும்போது வட்டு எறிதலில் மாநிலத்திலேயே இரண்டாமிடம் வந்தவர். முதலிடம் போனது ஒரு சாண் தூரத்தில். முப்பது வருடமாக அந்த ஒரு சாண் அவருக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

பிலோமினாவுக்கு முப்பத்து மூன்று. மேல்மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவள். அவள் அவருக்குக் கற்றுக்கொடுப்பது, மலைச்சரிவில் ஒன்பது கம்பங்கள் நட்டு, அவற்றில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளை மாட்டி ஆடும் ஆட்டம். குறைந்த வீச்சில் வட்டைக் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தவர். அங்கே இதுவரை அவளை ஜெயித்தவர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதில் தேறுகிற நாலு பேர் பெங்களூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போவார்கள்.

ஆறாவது கூடை பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்கு இடது பக்கத்தில், தேயிலை ஓரமாக, பனி மூடிய ஓர் ஒற்றையடிப் பாதை.

சௌந்தரபாண்டியன் பதிமூன்றாம் எண்ணை எடுத்தார்.

“காத்து மாறுது, அண்ணே.”

“கையில பலம் இருக்கு, மாஸ்டர்.”

எறிந்தார்.

வட்டு சீறிக்கொண்டு போனது. பள்ளத்தைத் தாண்டியது. அவருக்கு நெஞ்சு விம்மியது. அப்போது அது இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. பனிக்குள் போய் மறைந்தது.

ஒரு பெண் அலறினாள்.

பிறகு சத்தமே இல்லை.

பிலோமினா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் ஓடினார். இறக்கத்தில் இரண்டு தடவை விழுந்தார். கடவுளே, கடவுளே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாதையில் ராக்கம்மா உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போகிறவள். புல்கட்டு பக்கத்தில் கிடந்தது. கட்டுக்குள் பாதி இறங்கி நின்றது வட்டு.

காயம் இல்லை. ஆனால் அவள் கை கழுத்தை விட்டு இறங்கவில்லை.

“தலையில இருந்துச்சு கட்டு,” என்றாள். “நாலு விரக்கடை கீழ வந்திருந்தா?”

“நான் கூடைக்குத்தாம்மா எறிஞ்சேன்,” என்றார் சௌந்தரபாண்டியன்.

ராக்கம்மா வட்டைப் பிடுங்கினாள். அவரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க, உங்க சாமான்.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பிலோமினா கட்டைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் அவர் பையோடு வந்தார்.

“நான் விட்டுடறேன், மாஸ்டர். இதெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க.”

“ஆறாவது கூடைக்கு வாங்க.”

“இனிமே நான் எறிய மாட்டேன்.”

“வாங்க, அண்ணே.”

எறியும் இடத்தில் அவரை நிறுத்திவிட்டு அவள் பள்ளத்தில் இறங்கினாள். அந்தப் பக்கம் ஏறினாள். கூடையருகே நிற்கவில்லை. இடது பக்கம் நடந்தாள். ராக்கம்மா உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் திரும்பி நின்றாள்.

“எறிங்க!”

பள்ளத்தில் குரல் தெளிவாகக் கேட்டது.

“மாஸ்டர், அங்கேருந்து வந்துடுங்க!”

“முதல்ல ஒண்ணை எடுங்க.”

அவர் பைக்குள் கையை விட்டார். பழக்க தோஷம், பதிமூன்றுதான் வந்தது.

“நகரணுமா?” என்று கேட்டாள் அவள்.

“நகருங்க!”

“அப்ப அதைக் கீழ வைங்க.”

வைத்தார். பன்னிரண்டை எடுத்தார். விளிம்பைத் தடவினார். காற்று இடது காதில் அடித்தது.

“நகரணுமா?”

“ஆமா, மாஸ்டர்!”

“கீழ வைங்க.”

பதினொன்றும் அப்படித்தான் போனது. பத்தை அவர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பத்து தடவை எறிந்தால் எட்டு தடவை அது சொன்ன பேச்சைக் கேட்கும். மிச்சம் இரண்டு தடவை எங்கே போகும் என்று யோசித்தார். அவள் கேட்பதற்கு முன்பே கீழே வைத்தார்.

பயத்தில் ஆகச் சின்ன எண்ணை எடுத்தார். கூடைக்கருகே வந்தபின் போடுகிற, விளிம்பு மழுங்கிய இரண்டாம் எண்.

அவள் அங்கிருந்தே சிரித்தாள்.

“அது பள்ளத்தைத் தாண்டாது, அண்ணே. அதுக்கு நான் இங்க எதுக்கு நிக்கணும்?”

அவர் மண்டியிட்டார். மிச்சமிருந்தவற்றைப் புல்லில் பரப்பினார். முதல் தடவையாக எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இது என் கையை விட்டு எப்படிப் போகும், எங்கே சோரும், எங்கே விழும். மலையேறத் தொடங்கிய நாளில் வாங்கிய ஒன்று அடியில் கிடந்தது. ஒன்பதாம் எண். விளிம்பெல்லாம் கீறல். மெதுவானது என்று ஒதுக்கி வைத்தது. அது விழுந்த இடங்கள் ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் வந்தது. தேடி அலைந்ததாக ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

எழுந்தார். பனி விலகியிருந்தது. அவள் நெற்றிப் பொட்டுகூடத் தெரிவது போலிருந்தது.

காற்று ஒரு முறை வீசி அடங்கக் காத்திருந்தார். கையைப் பின்னுக்கு இழுத்தார்.

“நகரணுமா?”

இந்தத் தடவை அவள் குரலும் கொஞ்சம் நடுங்கியது.

“வேண்டாம், மாஸ்டர்,” என்றார் சௌந்தரபாண்டியன். “அங்கேயே நில்லுங்க.”