எடையாக உட்கார்ந்தவர்

"பிள்ளைகள் நான் சொன்னதைக் கேட்கலையா?" என்றார் தவசிமுத்து.

"கேட்டாங்க சார்," என்றாள் ஜெபக்கனி. "அதான் தோத்தோம்."

ஐந்துக்கு முப்பத்தொன்று. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் ரக்பிப் போட்டியில் அந்த ஆண்டு அவர்கள் ஆடிய முதல் ஆட்டம் அது.

தவசிமுத்து பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி இயக்குநர். வயது ஐம்பத்தாறு. ஒரு காலத்தில் கபடியில் பெயர் எடுத்தவர். அவர் பிடித்த பிடியிலிருந்து தப்பிக் கோட்டைத் தொட்டவர்கள் குறைவு. குரலும் அப்படித்தான். மைக் இல்லாமலே விளையாட்டு விழாவை நடத்தி முடித்துவிடுவார்.

ரக்பி மட்டும் அவருக்குத் தெரியாது.

அணி தொடங்கியபோது ஜெபக்கனியைத் தேடிப் பிடித்துப் பயிற்சியாளராக அழைத்து வந்தவர் அவர்தான். மாநில அணிக்கு ஆடியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டவள். இருபத்தைந்து வயது. முதல் நாளே அவளிடம் சொன்னார்.

"எனக்கு இந்த ஆட்டத்தில அ, ஆ தெரியாது. நீ குரு, நான் சிஷ்யன். தப்பு செஞ்சா முகத்துக்கு நேரா சொல்லணும்."

அவள் சரி என்றாள். அவள் அதை அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

"அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றார் இப்போது.

"தப்பா சொல்லலை. முத்துப்பேச்சி பந்தோட தனியா ஓடினா. கோட்டுக்கு இருபது மீட்டர். நீங்க 'இடது, இடது'ன்னு கத்தினீங்க."

"இடது பக்கம் காலியா இருந்துச்சே."

"இருந்துச்சு. அவ பந்தைப் பாக்கலை, இடதைப் பாக்கலை. உங்களைப் பாத்தா."

முத்துப்பேச்சி அணித்தலைவி. விளாத்திகுளம் பக்கத்துப் பெண், சம்மட்டி எறிந்து பழகிய தோள். அவள் தலையைத் திருப்பிய அந்த ஒரு நொடியில்தான் இரண்டு பேர் வந்து மோதினார்கள். தவசிமுத்துவுக்கு அது இப்போது கண்ணுக்குள் வந்தது.



ஆறு அணிகள். முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்கு இறுதி ஆட்டம். அதில் இல்லையென்றால் அடுத்த ஆண்டு அணி கிடையாது என்று மேலிடத்திலிருந்து ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அணி போனால் பிள்ளைகளின் விடுதி இடமும் போகும். பாதிப் பேருக்கு அதோடு படிப்பும் போகும்.

"நான் என்ன செய்யணும், ஜெபா?"

"உங்க எடை எவ்வளவு சார்?"

"தொண்ணூத்திரண்டு."

"நல்லது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க."

*

காலையில் மைதானத்தின் ஓரத்தில் ஸ்க்ரம் வண்டி கிடந்தது. பட்டறையில் செய்த இரும்புச் சட்டம். சக்கரம் கிடையாது. முன்பக்கம் பழைய பஸ் சீட்டு மெத்தைகள் கட்டியிருந்தன. ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேர் கைகளைப் பின்னிக்கொண்டு, தலை குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுவது. அதற்குப் பழகும் வண்டி அது.

"ஏறி உக்காருங்க," என்றாள் ஜெபக்கனி.

"நானா?"

"எடை வேணும்."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். தவசிமுத்து ஏறி உட்கார்ந்தார். எட்டுப் பேரும் குனிந்து மெத்தையில் தோளை வைத்தார்கள்.

"தள்ளு," என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "தள்ளு. தள்ளு."

வண்டி குலுங்கியது. நகரவில்லை.

"இன்னும் பலமா. தள்ளு."

குலுங்கியதே தவிர, ஒரு சாண் போகவில்லை.

ஜெபக்கனி பக்கத்தில் வந்தாள். "எடை பேசாது சார்," என்றாள்.

அவர் வாயை மூடினார்.

மறுபடி குனிந்தார்கள். ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள். இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். யாரோ சிரித்தார்கள். மறுபடி எழுந்து குனிந்தார்கள்.

நாலாவது முறை யாரும் சிரிக்கவில்லை. குனிந்த தலைகளுக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. முதலில் எட்டு மூச்சாகக் கேட்டது. பிறகு ஒன்றாகக் கேட்டது. உள்ளே எங்கிருந்தோ "ம்ம்" என்று ஒரு சத்தம்.

வண்டி வழுக்கியது. தவசிமுத்து பின்னால் சாய்ந்து, இரும்பைப் பிடித்துக்கொண்டு, பத்து மீட்டர் போய் நின்றார்.

"யாரு சத்தம் கொடுத்தது?" என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தெரியலை சார்."

"நாளைக்கும் ஆறு மணி," என்றாள் ஜெபக்கனி.

*

இரண்டாவது ஆட்டத்தில் அவர் கத்தவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜெபக்கனி. ஆட்டம் நடக்கும்போது அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

ஆனால் முத்துப்பேச்சி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பந்து கைக்கு வந்தால் பார்த்தாள், விசில் அடித்தால் பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு தவசிமுத்து ஒரு காரியம் செய்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எதிரே ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஆட்டம் முடியும்வரை அதன் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டுக்குப் பதினைந்து. மறுபடியும் தோல்வி.

"பாத்தியா," என்றார் ஜெபக்கனியிடம். "நான் வாயைத் தொறந்திருந்தா மூணு பாயிண்ட் வந்திருக்கும். முப்பது வருஷ அனுபவத்தை மூட்டை கட்டி வச்சுட்டு லாரியைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"முதல் பாதியில முத்துப்பேச்சி உங்களைப் பதினொரு தடவை பாத்தா," என்றாள்.

"ரெண்டாம் பாதியில?"

"ஒரு தடவை. உங்க முதுகை."

அவர் யோசித்தார்.

"ரெண்டாம் பாதியில மட்டும் ஸ்கோர் என்ன?"

"பன்னிரண்டுக்கு அஞ்சு சார். நமக்குப் பன்னிரண்டு."

*

தினமும் காலையில் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தினமும் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பின்பக்கமாகப் போனார். நடைப்பயிற்சிக்கு வந்த பேராசிரியர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் வந்து, "என்ன சார் இது, ஊர்வலமா?" என்று கேட்டார். தவசிமுத்து பதில் சொல்லவில்லை. எடை பேசாது.

ஒருநாள் மட்டும் மனம் கேட்கவில்லை.

"ஜெபா, நான் வெறும் எடைதானா?"

"எடை இல்லாம எதை சார் தள்ளுவாங்க?"

அதன்பிறகு அவர் காலையில் கூடுதலாக இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். பத்தொன்பதுக்கு ஏழு.

நாலாவதில் மழை. சேற்றில் பந்து யார் கையிலும் நிற்கவில்லை. அவர்கள் பந்தை நம்பாமல் ஸ்க்ரத்தை நம்பினார்கள். பத்துக்கு மூன்று.

ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியின் எட்டுப் பேரும் ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதல். முதல் ஸ்க்ரத்திலேயே பிள்ளைகள் அவர்களை நாலு அடி பின்னால் நடத்திக் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். இருபத்திரண்டுக்குப் பன்னிரண்டு.

மூன்று வெற்றி. இரண்டாமிடம். இறுதி ஆட்டம்.

எதிரே, முதல் ஆட்டத்தில் முப்பத்தொன்று அடித்த அதே அணி.

*

இறுதி ஆட்டத்தில் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. பத்துக்குப் பதின்மூன்று. மூன்று பாயிண்ட் பின்னால்.

நடுவர் விசில் அடித்தார். எதிரணி தவறு செய்துவிட்டது. பெனால்டி. எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில், கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே.

தவசிமுத்துவுக்கு இப்போது அ, ஆ தெரியும். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று பாயிண்ட். குழந்தைகூட உதைத்துவிடும் தூரம். ஆட்டம் சமனாகும், கூடுதல் நேரம் கிடைக்கும்.

வேண்டுமானால் ஸ்க்ரம் கேட்கலாம். கோட்டைத் தாண்டித் தள்ளிப் பந்தை வைத்தால் ஐந்து பாயிண்ட், கோப்பை. தள்ள முடியாவிட்டால் எல்லாம் போயிற்று.

"உதைக்கச் சொல்லலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜெபக்கனி மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோளை மட்டும் குலுக்கினாள்.

நெஞ்சிலிருந்து கிளம்பிய சத்தம் அவர் தொண்டைவரை வந்து நின்றது. அங்கேயே பிடித்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் பிடித்த பிடிகளிலேயே கடினமான பிடி அது.

முத்துப்பேச்சி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன் பிள்ளைகளின் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரோ தலையசைத்தார்கள். நடுவரிடம் போனாள்.

"ஸ்க்ரம்," என்றாள்.

எட்டுத் தலைகள் குனிந்தன. எட்டுத் தலைகள் எதிரே குனிந்தன. மோதிய சத்தம் எல்லைக்கோடுவரை கேட்டது.

அசையவில்லை.

பந்து உள்ளே போயிற்று. முத்துப்பேச்சி எட்டாவது ஆளாகக் கடைசியில் நின்று அதைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அசையவில்லை.

அப்போது தவசிமுத்துவுக்கு அந்த மூச்சு கேட்டது. அத்தனை கூட்டத்தின் இரைச்சலிலும் கேட்டது. அறுபது நாள் காலை அதற்கு எதிரே உட்கார்ந்தவர் அவர். இனி என்ன நடக்கும் என்று மைதானத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் முன்கூட்டித் தெரிந்தது. கால் தானாகப் பின்னால் ஓர் அடி வைத்தது.

ஓர் அடி. இரண்டு அடி. பிறகு எதிரணியின் வரிசை சுவர் சரிவதுபோலப் பின்னால் போயிற்று. முத்துப்பேச்சி கோட்டுக்கு அப்பால் பந்தின் மேல் விழுந்தாள்.

பதினைந்துக்குப் பதின்மூன்று.

அதற்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையை உதைத்தார்கள், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று, யாரும் கவலைப்படவில்லை. கடைசி விசில் அடித்ததும் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். பேருந்து ஓட்டி வந்தவர் மைதானத்துக்குள் ஓடினார். தவசிமுத்து ஓடிப்போய் நடுவில் நின்றார். சேறு பூசிய பதினைந்து பேரும் அவரைத் தூக்கப் பார்த்தார்கள். முதல் முயற்சியிலேயே தூக்கிவிட்டார்கள்.

கோப்பை வாங்கிய பிறகு அவர் எல்லைக்கோட்டுக்குத் திரும்பி வந்தார். ஜெபக்கனி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தள்ளிருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்னே எப்படி ஒரு வார்த்தை பேசாம நின்னே? நான் செத்துப் பிழைச்சேன். உனக்குக் கத்தணும்னு தோணவே இல்லையா?"

ஜெபக்கனி முகத்தைத் திருப்பி வாய்க்குள் இரண்டு விரலை விட்டாள். ஆடுகிறவர்கள் பல்லுக்கு மாட்டும் ரப்பர் காப்பை வெளியே எடுத்தாள். அது கடிபட்டு இரண்டு துண்டாக வந்தது.

"இந்த சீசன்ல இது நாலாவது சார்," என்றாள்.